வகுத்துக் கூறும் தூது: கணினிமொழிகளில் பெயர்வழி ஏவலின் வரலாறு

முன்னுரை

பழந்தமிழ் நூல்கள் தகடூர் எனக் கூறும் ஊரே இன்றைய தருமபுரி என்பது அறிஞர் பலரும் ஒப்பிய செய்தி. அவ்வூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் பொருட்டு ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்றார் என்பதைப் புறநானூற்று 95ஆம் பாட்டின் பழங்குறிப்பு உணர்த்துகிறது. தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். நெய் பூசி மாலை சூட்டிக் காக்கப்பெற்ற படைக்கலங்களைக் கண்ட ஔவையார், தம் தலைவனின் வேல்கள் போரில் நுனி சிதைந்து கொல்லன் உலைக்களத்திற் கிடப்பதை அவற்றோடு ஒப்பிட்டுப் புகழ்வது போலப் பழித்தார். இவ்வுரை தகடூரிலேயே வகுத்து எடுத்துச் செல்லப்பட்டதன்று. அதியமான் விடுத்தது ஒரு நோக்கம். அந்நோக்கம் எச்சொல்லாக வடிவுபெறும் என்பது கொட்டிலைக் கண்ட இடத்தில், கண்ட பொழுதில் முடிவாயிற்று.

திருக்குறளில் 69ஆம் அதிகாரமாகிய தூதுக்கு உரை கண்ட பரிமேலழகர், தூதரை இருவகைப்படுத்தினார். சென்ற இடத்தின் நிலை நோக்கித் தானே வகுத்துக் கூறுவோன் ஒருவன். தலைவன் கூறியதை அவ்வாறே சென்று கூறுவோன் மற்றொருவன். முன்னவனை அமைச்சனோடு ஒப்ப வைத்துப் பின்னவனை அவனிற் குறைந்தவனாகக் கொண்டார். ஔவையார் முதல்வகைத் தூதுக்குச் சிறந்த சான்று.

கணினிக்கு ஆணையிடும் மொழிகளின் வரலாற்றிலும் இவ்விரு வகைகளைக் காண்கிறோம். ஓர் ஆணையால் நிகழவேண்டிய செயல் யாது என்பது நிரலை எழுதும்பொழுதே முடிவாகிவிடுவது ஒருவகை. நிரல் ஓடும்பொழுது, ஆணை சென்றடையும் பொருளை நோக்கி முடிவாவது மற்றொருவகை. இரண்டாம் வகையின் முதிர்ந்த வடிவில் ஆணையின் பெயரே முன்கூட்டித் தெரிவதில்லை. ஓடும்பொழுது கிடைக்கும் ஒரு பெயரைக் கொண்டு பொருள் ஏவப்படுகிறது. அதனைப் பெயர்வழி ஏவல் என்று யாம் இக்கட்டுரையிற் குறிப்போம். அது தோன்றி வளர்ந்த வரலாற்றையும், அதனைத் தமிழிற் கூறுவதற்கு நம் இலக்கணம் தரும் துணையையும் ஆராய்வதே ஈண்டு நோக்கமாகும்.

தமிழாய்வு இதழில் இப்பொருளுக்கு இடம் யாது என்று வினவலாம். தருமபுரி மாவட்டத்துக் கல்லூரிகளில் கணினியறிவியலை முதன்மைப் பாடமாகக் கொண்ட இளநிலை மாணவர், முதற்பகுதியில் தமிழும் பயில்கின்றனர். ஒரு வகுப்பில் விளி, ஏவல், தொழிற்பெயர் என்னும் பாகுபாடுகளைக் கற்கும் மாணவர், அடுத்த வகுப்பில் அவற்றோடு நெருங்கிய கருத்துக்களை வேற்றுமொழிச் சொற்களால் மட்டுமே அறிகின்றனர். இரண்டும் அவர் உள்ளத்தில் ஒன்றையொன்று சந்திப்பதில்லை. அச்சந்திப்பை உண்டாக்கும் கடமை தமிழ்த்துறைக்கும் உண்டு.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். நம் முன்னோர் கணினியியலை முன்னரே அறிந்திருந்தனர் என்று நிறுவுதல் எம் கருத்தன்று. இருவேறு காலத்து இருவேறு துறையினர், சொல்லுக்கும் செயலுக்கும் உள்ள உறவை ஆராய்ந்தனர். ஒருவர் கண்ட பாகுபாடு மற்றவர் செய்தியை விளக்க உதவுகிறது. அவ்வளவே யாம் கொள்வது.

பொருளும் பொதுவினையும்

கணினி நிரல்கள் தொடக்கக் காலத்தில் செயல்களின் வரிசையாகவே எழுதப்பட்டன. எண்ணும் எழுத்துமாகிய தரவுகள் ஒருபுறம் கிடக்கும். செயல்கள் வேறொருபுறம் நின்று அவற்றை எடுத்து ஆளும். இம்முறையிலிருந்து விலகி, தரவையும் அதற்குரிய செயல்களையும் ஒருங்கே கொண்ட ஓர் அலகினைப் படைத்தவர்கள் நார்வே நாட்டினர். ஆஸ்லோ நகரத்து நார்வேக் கணினி மையத்தில் கிறிஸ்டன் நைகார்டும் ஓலே யோகான் டாலும் 1962 முதல் சிமுலா என்னும் மொழியை உருவாக்கத் தலைப்பட்டனர். உலக நிகழ்ச்சிகளைக் கணினியிற் போலச் செய்து பார்ப்பது அம்மொழியின் நோக்கம். வரிசையில் நிற்கும் மக்கள், துறைமுகத்திற் காத்திருக்கும் கப்பல்கள் போன்றவற்றை நிரலில் அமைக்கவேண்டுமாயின், ஒவ்வொன்றும் தன் நிலையையும் தன் செயலையும் தானே உடையதாதல் வேண்டும். இத்தேவையிலிருந்தே கணினியியற் பொருள் பிறந்தது.

1967 மே மாதத்தில் ஆஸ்லோவை அடுத்த லீசெபூவில் நிகழ்ந்த மாநாட்டில், வகை, உட்பிரிவு என்னும் கருத்துக்களை அவ்விருவரும் விளக்கினர். அவற்றைக் கொண்ட மொழி சிமுலா 67 எனப் பெயர்பெற்றது. ஒரு வகையின் உட்பிரிவுகள் ஒரே பெயருடைய செயலைத் தத்தமக்கேற்ற முறையில் வரையறுத்துக்கொள்ள அம்மொழி இடந்தந்தது. இவற்றுள் எவ்வரையறை நிகழவேண்டும் என்பதை, நிரல் ஓடும்பொழுது எதிர்ப்படும் பொருளே முடிவு செய்யும். சிமுலாப் பணிக்காகவே 2001ஆம் ஆண்டுக்குரிய டூரிங் விருது இருவர்க்கும் வழங்கப்பட்டது.

இக்கருத்தினைத் தமிழ் மாணவர்க்கு விளக்க வேற்றெடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் வேறுவினைப் பொதுச்சொல் என ஒன்றைக் கூறுவர். பல்வேறு வினைகளுக்கு உரிய பொருள்கள் ஒரு பொதுப்பெயரின்கீழ் அடங்குமாயின், அப்பொதுப்பெயரை அவற்றுள் ஒன்றற்கே உரிய வினையாற் கூறலாகாது என்பது விதி. முழவு கொட்டப்படும், குழல் ஊதப்படும். இரண்டையும் அடக்கிய இயம் என்னும் சொல்லைக் கொட்டினார் என்றோ ஊதினார் என்றோ முடித்தல் வழு. இயம்பினார் என்பதே மரபு. உரையாசிரியர் அடிசில், அணி, படை என்பவற்றுக்கும் இவ்வாறே பொதுவினை காட்டினர். இயம்பு என்னும் பொதுவினை முழவினிடத்துக் கொட்டுதலாகவும் குழலினிடத்து ஊதுதலாகவும் நிகழ்கிறது. சொல்வோன் கருவியின் வேறுபாட்டை அறியவேண்டுவதில்லை. அவ்வேறுபாட்டைக் கருவியே அறியும். சிமுலா 67 கணினிக்குக் கற்பித்த பாடம் இதுவே. இலக்கணம் வழக்கைக் காக்கும் பொருட்டு விதித்தது. நார்வே அறிஞர் நிரலைச் சுருக்கும் பொருட்டுப் படைத்தனர். நோக்கம் வேறாயினும் அமைப்பு ஒன்று.

செய்தி பெறும் பொருள்

சிமுலாவைக் கற்றவர்களுள் ஒருவர் அமெரிக்கராகிய ஆலன் கே. கணிதத்தோடு உயிர்நூலும் பயின்ற அவர், உடலின் உயிரணுக்கள் தம்முட் கலவாமல், ஒன்றுக்கொன்று செய்தி விடுத்து ஒத்தியங்குவதைத் தம் சிந்தனைக்கு முன்மாதிரியாகக் கொண்டார். 1970இல் நிறுவப்பெற்ற ஜெராக்ஸ் நிறுவனத்துப் பாலோ ஆல்டோ ஆய்வுமையத்தில் அவர் வகுத்த மொழி ஸ்மால்டாக். அதனைக் கணினியில் இயக்கிக் காட்டிய பெருமை டேன் இங்கால்ஸ் என்பார்க்கு உரியது. அடீல் கோல்ட்பெர்க் அதன் வளர்ச்சியிலும் பரவலிலும் பெரும் பங்கு கொண்டார்.

1972இல் அமைந்த முதல் ஸ்மால்டாக்கில் ஒரு வியப்பான ஏற்பாடு இருந்தது. பொருளுக்கு விடுக்கப்படும் செய்தி, சொற்களின் தொடராகவே அதனிடம் சென்று சேர்ந்தது. அத்தொடரை எங்ஙனம் பிரித்துப் பொருள் கொள்வது என்பதையும் பெற்ற பொருளே முடிவு செய்தது. விடுப்போனுக்கு ஒரு நோக்கம் மட்டுமே உண்டு. பொருள்கோள் முழுவதும் பெறுவோனிடம். ஔவையார் தூதோடு ஒரு வேறுபாட்டை ஈண்டுச் சுட்டல் தகும். தகடூர்த் தூதில் சொல்லை வகுத்தவர் தூதர். ஸ்மால்டாக்கில் செயலை வகுப்பது செய்தி பெறும் பொருள். எனினும், விடுத்த இடத்திலும் விடுத்த காலத்திலும் முடிவு நிகழவில்லை என்பதில் இரண்டும் ஒக்கும்.

பொருள் என்னும் சொல்லைத் தாம் பரப்பியதால் கற்போர் கருத்து அப்பொருளின்மேலேயே நின்றுவிட்டது என்றும், தம் முதன்மைக் கருத்துச் செய்தி விடுத்தலே என்றும் ஆலன் கே 1998இல் ஒரு மடலில் வருந்தி எழுதினார். கலைச்சொல் ஒன்று ஒரு துறையின் போக்கையே மாற்றவல்லது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது. கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபடும் தமிழறிஞர் இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

பெயரே ஏவலாதல்

இதுகாறும் கூறியவற்றில் செயலின் பெயர் நிரலிலேயே எழுதப்பட்டிருந்தது; எவ்வரையறை நிகழும் என்பது மட்டுமே பின்னர் முடிவாயிற்று. ஸ்மால்டாக் 80 என்னும் வளர்ந்த வடிவில் ஒருபடி மேலே சென்றனர். நிகழ்த்து எனப் பொருள்படும் பெர்ஃபார்ம் என்னும் செய்தி அதில் உண்டு. அச்செய்தியோடு வேறொரு செய்தியின் பெயரைத் தரலாம். பொருள் அப்பெயரைத் தன் செயற்பட்டியலில் தேடி, கண்டதை நிகழ்த்தும். பெயர் நிரலில் எழுதப்பட்டிருக்கவேண்டுவதில்லை. பயன்படுத்துவோர் தட்டச்சிட்டதாகவோ, ஏட்டிலிருந்து படித்ததாகவோ, வேறு நிரலிலிருந்து வந்ததாகவோ இருக்கலாம். இதுவே பெயர்வழி ஏவல்.

ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவாம். தருமபுரி நிலம் நடுகற்களாற் பெயர்பெற்றது. அவற்றுட் பல வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டவை. நடுகல், செப்பேடு, ஓலைச்சுவடி ஆகியவற்றுக்குக் கணினியில் ஒரு பட்டியல் அமைப்பதாகக் கொள்வோம். உரை, அள, ஒப்பிடு என்னும் ஆணைகளை ஒவ்வொன்றும் ஏற்கும். உரை என்றால் நடுகல் தன் எழுத்தையும் வீரனின் உருவக் குறிப்பையும் தரும். செப்பேடு இதழ்வரிசையில் தரும். சுவடி ஏட்டெண்ணோடு தரும். ஆய்வாளர் தாம் விரும்பும் ஆணையின் பெயரைத் திரையில் எழுதுகிறார். பெயர்வழி ஏவல் இல்லையேல், எழுதிய சொல் உரையா, அளவா, ஒப்பீடா என ஒவ்வொன்றாகச் சோதித்து அதற்குரிய ஆணையை விடுக்கும் நீண்ட வரிசையை நிரலாளர் எழுதவேண்டும். நாளை ஒரு புதிய ஆணையைச் சேர்த்தால் அவ்வரிசையையும் திருத்தவேண்டும். பெயர்வழி ஏவலில் அவ்வரிசை வேண்டுவதில்லை. ஆய்வாளர் எழுதிய சொல்லே பொருளிடம் செல்கிறது. பொருள் அதனை அறிந்தால் செய்கிறது.

அறியாவிடின் யாதாகும்? ஸ்மால்டாக்கில் அதற்கும் வழி கண்டனர். விளங்காத செய்தியைப் பெற்ற பொருளுக்கு, இச்செய்தி விளங்கவில்லை என்னும் வேறொரு செய்தி விடுக்கப்படும். பொதுவில் அது பிழையறிவிப்பாக முடியும். நிரலாளர் விரும்பின், விளங்காத செய்தியை அப்பொருள் மற்றொரு பொருளுக்கு அனுப்பிவைக்குமாறும் செய்யலாம். தொலைவிலுள்ள பொருளுக்கு இங்கே ஒரு பதிலாளை நிறுத்தும் உத்தி இதனால் எளிதாயிற்று.

உரை என்னும் சொல்லைச் சற்று உற்றுநோக்குவோம். அவன் உரை இனிது என்னும்பொழுது அது பெயர். முதனிலையே தொழிற்பெயராக நின்றது. ஒருவனை நோக்கி உரை என்னும்பொழுது அதே வடிவம் ஏவல். பவணந்தியார் செய் என்னும் வாய்பாட்டு ஏவல் வினைப் பகாப்பதங்களை 23 ஈறுகளில் அடக்கிக் காட்டினார். தமிழில் வினையின் முதனிலையும் முன்னிலை ஒருமை ஏவலும் வடிவால் ஒன்றாதல் அதனாற் புலப்படும். ஒரே வடிவம் பெயராய்க் கிடத்தலும் ஏவலாய் எழுதலும் இடத்தாலும் முன்னிலையாலும் ஆகும். செயலின் பெயரைத் தரவாக வைத்திருத்தல் முதல்நிலை. ஒரு பொருளை முன்னிலைப்படுத்தி அதனை ஏவலாக்குதல் இரண்டாம்நிலை. பெயர்வழி ஏவல் என்பது இவ்விரு நிலைகளுக்கிடையே நிகழும் மாற்றமே. மாணவர் பெரிதும் இடர்ப்படும் இடமும் இதுவே: செயலின் பெயரைக் கூறுவதும் செயலை ஏவுவதும் வேறென்பது அவர்க்கு எளிதில் விளங்குவதில்லை. உரை, அடி, தட்டு என்னும் சொற்களைத் தொழிற்பெயராகவும் ஏவலாகவும் வகுப்பிற் பிரித்துக் காட்டிய ஆசிரியர், இவ்விடரைப் பாதி தீர்த்தவராவார்.

இரு மரபுகள்

ஸ்மால்டாக்கிற்குப் பின்னர் இம்மொழிகள் இரு கிளைகளாகப் பிரிந்தன. பெல் ஆய்வகத்தில் பியார்னே ஸ்ட்ரௌஸ்ட்ரப் 1979இல் தொடங்கிய பணி, 1983இல் சி++ எனப் பெயர்பெற்றது. அவர் சிமுலாவின் வழியைப் பின்பற்றினார். ஒரு பொருள் ஏற்கக்கூடிய செயல்கள் யாவை என்பது நிரல் ஓடுவதற்கு முன்னரே முடிவாகிவிடும். உட்பிரிவுகளுக்கேற்ப மாறும் செயல்கள் மட்டும் ஓர் அட்டவணை வழியே தேடப்படும். அங்கும் தேடப்படுவது பெயரன்று. அட்டவணையில் இத்தனையாவது இடம் என்னும் எண்ணே. செயலின் பெயரைக் கொண்டு தேடும் ஏற்பாடு அம்மொழியில் அமையவில்லை. விரைவும் முன்கூட்டிய பிழைகாணலும் இதன் பயன்கள்.

பிராட் காக்ஸ், டாம் லவ் என்னும் இருவர் 1980களின் தொடக்கத்தில் சி மொழியோடு ஸ்மால்டாக்கின் செய்திமுறையைப் பொருத்தி ஆப்ஜெக்டிவ் சி என்பதை ஆக்கினர். இதில் செயலின் பெயர் ஓடும்பொழுதும் உயிரோடிருக்கும். நெக்ஸ்ட் நிறுவனம் இதனை ஏற்றுத் திரைப்பொத்தான்களை ஒரு புதுமுறையில் அமைத்தது. ஒரு பொத்தான் தன்னுள் இரண்டை மட்டுமே வைத்திருக்கும்: யாரை ஏவுவது, எப்பெயரால் ஏவுவது. அழுத்தியவுடன் அப்பெயர் அப்பொருளுக்குச் செய்தியாகச் செல்லும். பொத்தானைச் செய்தவர், அது எங்கே எதற்குப் பயன்படும் என்பதை அறியவேண்டுவதில்லை. இம்முறை பின்னர் ஆப்பிள் நிறுவனக் கணினிகளுக்கும் கைப்பேசிகளுக்கும் வந்தது.

இவ்விரு கிளைகளுக்கும் இடையே நின்றது ஜாவா. 1995இல் சன் நிறுவனம் வெளியிட்ட இம்மொழியில், பொதுவாக ஆணைகள் முன்கூட்டியே சோதிக்கப்படும். ஆயினும், 1997இல் வந்த 1.1ஆம் பதிப்பில், ஒரு பொருள் தன் செயல்களின் பெயர்களைத் தானே எடுத்துக் கூறவும், பெயரால் அவற்றை ஏவவும் வகை செய்யப்பட்டது. கண்ணாடியில் தன்னைப் பார்த்தல் போன்றது என்னும் கருத்தால் அதற்குப் பிரதிபலிப்பு என்று பொருள்படும் பெயரையிட்டனர். நிரல்களைச் சோதிக்கும் ஜேயூனிட் என்னும் கருவி இதனை நன்கு பயன்படுத்திற்று. கென்ட் பெக், எரிக் காமா என்போர் ஆக்கிய அக்கருவி, சோதனை என்னும் சொல்லை முன்னொட்டாகக் கொண்ட செயற்பெயர்கள் யாவற்றையும் ஒரு வகையினுள் தேடிக் கண்டு ஒவ்வொன்றாகத் தொடக்கத்தில் ஏவிற்று. ஸ்மால்டாக்கிற்கு பெக் முன்னர் ஆக்கியிருந்த சோதனைக் கருவியும் பெயர்வழி ஏவலையே நம்பியிருந்தது. ஒட்டினைக் கண்டு சொல்லின் இனத்தை அறியும் இலக்கண மாணவர்க்கு இம்முறை புதிதன்று.

1991இல் குய்டோ வான் ரோசம் வெளியிட்ட பைத்தானும், 1995இல் யுகிஹிரோ மட்சுமோட்டோ வெளியிட்ட ரூபியும் பெயர்வழி ஏவலை எளிய அன்றாட வழக்காக்கின. பைத்தானில் பெயரைக் கொடுத்துச் செயலைப் பெற்றுப் பின்னர் ஏவலாம். பெறுதலும் ஏவுதலும் அங்கே இரு படிகள். ரூபியில் அனுப்பு எனப் பொருள்படும் ஒரே ஆணையில் இரண்டும் நிகழும். பெயராய் நின்றதனை ஏவலாக்குதல் என்று மேலே யாம் கூறிய மாற்றம், பைத்தானில் கண்ணுக்குத் தெரிய நிகழ்கிறது. கற்பிப்பார்க்கு அது நல்ல வாய்ப்பாகும்.

தேடலும் விரைவும்

பெயரைக் கொண்டு தேடுதல் காலம் கொள்ளும். பல்லாயிரம் செய்திகள் ஒரு நொடியில் விடுக்கப்படும் இடத்தில், ஒவ்வொரு முறையும் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்தால் நிரல் தளரும். ஸ்மால்டாக் மெதுவானது என்னும் பழி இதனாலேயே எழுந்தது. இதற்குத் தீர்வு கண்டவர்கள் பீட்டர் டாய்ச்சும் ஆலன் ஷிஃப்மனும். ஓரிடத்தில் ஒரு செய்தி ஒருமுறை எவ்வகைப் பொருளுக்குச் சென்றதோ, அடுத்த முறையும் பெரும்பாலும் அவ்வகைக்கே செல்லும் என்பதை அவர்கள் கண்டனர். ஆகவே கண்டுபிடித்த செயலை அவ்விடத்திலேயே குறித்துவைத்து, அடுத்த முறை வகை ஒன்றா என மட்டும் பார்த்துவிட்டு அதனையே நிகழ்த்தலாம். இம்முறையை 1984இல் அவர்கள் வெளியிட்டனர்.

செல்ஃப் என்னும் மொழியின் ஆய்வில் ஈடுபட்ட உர்ஸ் ஹோல்சில், கிரெய்க் சேம்பர்ஸ், டேவிட் உங்கர் ஆகியோர் 1991இல் இதனை விரித்தனர். ஓரிடத்துக்கு ஒன்றன்றிப் பல வகைகளைக் குறித்துவைக்கும் முறையை அமைத்தனர். இவ்வாராய்ச்சியின் பயன் பின்னர் ஜாவாவை இயக்கும் பொறிக்கும் சென்றது. 2011இல் வெளிவந்த ஜாவா 7, ஓடும்பொழுது முடிவாகும் ஏவலுக்கெனவே ஒரு தனிக் கட்டளையைத் தன் பொறிமொழியிற் சேர்த்துக்கொண்டது. முன்கூட்டி முடிவு செய்தலே விரைவு, பின்னர் முடிவு செய்தல் தளர்வு என்னும் எண்ணம் இவ்வாராய்ச்சிகளால் பெரிதும் தளர்ந்தது. பழகிய அவைக்கு மீண்டும் செல்லும் தூதன், முன்னர்ப் பயன்பட்ட சொல்லை நினைவிற் கொண்டிருப்பான். அவை மாறியதோ என்று மட்டும் ஒருமுறை நோக்குவான்.

தூதின் தகுதி

பெயர்வழி ஏவலால் விளைந்த தீங்குகளையும் கூறாது விடுதல் முறையன்று. ஓர் ஆணையின் பெயர் வெளியிலிருந்து வரலாமெனின், பகைவனிடமிருந்தும் அது வரலாம். மேற்கூறிய நடுகற் பட்டியலில், உரை என எழுதவேண்டிய இடத்தில் ஒருவர் அழி என எழுதுகிறார் எனக் கொள்வோம். பொருளின் செயற்பட்டியலில் அழி என ஒன்று இருக்குமாயின், அது தயக்கமின்றி நிகழ்ந்துவிடும். ஏவியவர் யார், ஏவத்தக்கவரா என்பதைப் பெயர் தானே அறிவிப்பதில்லை.

இஃது எடுத்துக்காட்டளவில் நிற்கவில்லை. ஜாவாவில் எழுதப்பட்ட ஸ்ட்ரட்ஸ் என்னும் வலைத்தள அமைப்பில், வெளியிலிருந்து வரும் வேண்டுகோளின் ஒரு பகுதி, தரவாகக் கொள்ளப்படாமல் ஆணைத்தொடராக மதிப்பிடப்படும் குறை 2017 மார்ச்சில் வெளிப்பட்டது. அதனை உரிய காலத்தில் திருத்தாமையால், எக்குவிஃபாக்ஸ் என்னும் அமெரிக்கக் கடன்தகவல் நிறுவனத்திலிருந்து ஏறத்தாழ 14.7 கோடி மக்களின் தனிச்செய்திகள் அவ்வாண்டில் களவாடப்பட்டன. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்னும் பதிவுக்கருவியிற் கண்ட குறை இதனினும் வியப்புக்குரியது. நிகழ்ந்தவற்றைக் குறித்துவைப்பது மட்டுமே அக்கருவியின் தொழில். ஆனால் குறிக்கப்படும் சொற்றொடரில் ஒரு குறிப்பிட்ட வடிவம் இருந்தால், அதில் கூறிய முகவரியைத் தேடிச் சென்று அங்குள்ளதை எடுத்துவரும் இயல்பு அதற்கு இருந்தது. பகைவர் தம் பெயரை எழுதவேண்டிய இடத்தில் அவ்வடிவத்தை எழுதினர். குறிப்பெழுத வந்த கருவி, பகைவரின் நிரலையே கொணர்ந்து இயக்கிற்று. உலகெங்கும் எண்ணிறந்த கணினிகள் இவ்வாறு தாக்குதற்கு இலக்காயின.

இரண்டிலும் குறை ஒன்றே: பெயராகவோ தரவாகவோ நிற்கவேண்டியது ஏவலாக எழுந்துவிட்டது. மேற்கோளாகக் கூறப்பட்ட சொல்லை ஆணையாகக் கொண்டு நடந்த பணியாளனின் நிலை இது. ஆதலின், வரும் பெயர் ஏற்கத்தக்க பெயர்களின் பட்டியலில் உள்ளதா என முதலில் நோக்குதல், பொதுவெளிக்கு உரிய செயல்களை மட்டும் பெயரால் ஏவ இடந்தருதல் ஆகிய காப்புக்களை இன்றைய நிரலாளர் மேற்கொள்கின்றனர். ரூபியில் பொதுச்செயல்களுக்கு மட்டும் செய்தி அனுப்பும் ஆணை தனியே உண்டு.

வள்ளுவர் தூதுக்கு அறிவு, தோற்றம், ஆராய்ந்த கல்வி என்பவற்றைத் தகுதியாக வைத்தது ஏன் என்பது ஈண்டு நன்கு விளங்கும். கூறியதை மட்டும் கூறுவோனிடம் பெருந்தகுதி வேண்டுவதில்லை. அவனால் விளையும் கேடும் சிறிது. இடத்திலே வகுக்கும் உரிமை பெற்றவனிடமே தகுதி மிகுதியாக எதிர்பார்க்கப்படுகிறது. உரிமை பின்னுக்குத் தள்ளப்படுந்தோறும் ஆராய்ச்சியும் அதனைத் தொடர்ந்து பின்னுக்குச் செல்லல் வேண்டும். பெயர்வழி ஏவலின் வரலாறு உணர்த்தும் நீதி இதுவென்று கொள்ளலாம்.

கலைச்சொல் பற்றி

இனி, இவற்றைத் தமிழிற் கூறும் சொற்களைக் காண்போம். தமிழ்நாட்டில் 2018, 2019ஆம் ஆண்டுகளில் வெளிவந்த மேல்நிலை வகுப்புக் கணினி நூல்கள், பொருள்நோக்கு நிரலாக்கம், இனக்குழு, மரபுரிமம், பல்லுருவாக்கம், செயற்கூறு முதலிய சொற்களை வழக்கிற்குக் கொண்டுவந்துள்ளன. இவை போற்றத்தக்கவை. ஆயின் செயற்கூறை அழைத்தல் என்னும் தொடர் ஆராயத்தக்கது. தனித்து நிற்கும் செயற்கூறுக்கு அது பொருந்தலாம். பொருளுக்குச் செய்தி விடுக்கும் இடத்தில் அது இரு நிகழ்ச்சிகளை ஒன்றாக்கி மயக்குகிறது. அங்கே அழைக்கப்படுவது பொருள்; ஏவப்படுவது வினை.

தொல்காப்பியர் விளியை எட்டாம் வேற்றுமையாகக் கொண்டு, அதற்கென விளிமரபு என ஓர் இயலையே வகுத்தார். அது பெயரின்பாற்பட்டது. ஏவல் வினையின்பாற்பட்டது. நடுகல்லே, உரை என்னும் தொடரில் முன்னது விளி, பின்னது ஏவல். இப்பாகுபாட்டைக் கணினித் தமிழும் ஏற்குமாயின் மூன்று சொற்கள் தெளிவாகக் கிடைக்கும். பொருளை முன்னிலைப்படுத்துதல் விளித்தல். அதன் செயலை நிகழ்த்தச் செய்தல் ஏவுதல். ஓடும்பொழுது கிடைத்த பெயரைக்கொண்டு ஏவுதல் பெயர்வழி ஏவல். இச்சொற்களை மாணவர் புதிதாகக் கற்கவேண்டுவதில்லை. தமிழ்வகுப்பிலேயே அவர் அறிந்தவை.

தமிழிலேயே நிரல் எழுதும் முயற்சிகளும் இக்கருத்தை வலியுறுத்துகின்றன. முத்தையா அண்ணாமலை ஆக்கிய எழில் என்னும் மொழி அவற்றுள் ஒன்று. அதனைப் பற்றிய கட்டுரையை அவர் 2009இல் வெளியிட்டார். பைத்தானைக் கொண்டு இயங்கும் அம்மொழியில் அச்சிடுதற்குப் பதிப்பி என்பதும், விடையைத் திருப்பித் தருதற்குப் பின்கொடு என்பதும் ஆணைகள். இரண்டும் ஏவல் வினைகளே. நிபந்தனையை முன்வைத்து, ஆனால் என்னும் சொல்லை அதன்பின் வைப்பதும் தமிழ்த்தொடரமைப்பைப் பின்பற்றியதாகும். ஆணையென்றவுடன் தமிழுள்ளம் ஏவல் வடிவை நாடுகிறது என்பதற்கு இது வழக்குச் சான்று.

முடிவுரை

1967இல் சிமுலா, செயலின் வரையறையைத் தேரும் உரிமையைப் பொருளுக்கு அளித்தது. 1972இல் ஸ்மால்டாக், செய்தியைப் பொருள்கொள்ளும் உரிமையையும் அதற்கே அளித்தது. பின்னர்ச் செயலின் பெயரே தரவாகி, எங்கிருந்தும் வரக்கூடியதாயிற்று. 1984, 1991ஆம் ஆண்டுகளின் ஆராய்ச்சிகள் அதன் தளர்ச்சியை நீக்கின. 2017, 2021ஆம் ஆண்டுகளின் கேடுகள், பெயருக்கும் ஏவலுக்கும் இடையே காவல் வேண்டும் என்பதைக் காட்டின.

வேறுவினைப் பொதுச்சொல், முதனிலைத் தொழிற்பெயர், விளி, ஏவல் ஆகியவற்றைத் தேர்வுக்குரிய பழம்பாகுபாடுகளாக மட்டும் மாணவர்க்குக் கற்பிக்கிறோம். அவை சொல்லும் செயலும் கூடும் இடத்தை நுணுகிக் கண்ட பாகுபாடுகள். கணினியியற் கலைச்சொற்களை வகுக்கும் குழுக்களில் இலக்கணம் கற்றார் அமர்வதும், தமிழ் முதுகலைப் பாடத்தில் கணினிமொழிகளின் அமைப்புக்கு ஓர் அலகு இடம்பெறுவதும் இக்காலத்துக்கு வேண்டுவன. தகடூர் நிலத்து மாணவர் ஒருவர், நடுகற் பட்டியலுக்கு நிரல் எழுத அமரும்பொழுது, உரை என்னும் சொல் எப்பொழுது பெயர், எப்பொழுது ஏவல் என்று தம் தமிழறிவால் தெளிவாராயின், இவ்விரு துறைகளும் சந்தித்தனவாகக் கொள்ளலாம்.